இரண்டு குறைவு

டுலூத்தில் ஜனவரி. மார்லிஸ் வீட்டு நிலவறையில்
கொதிகலன் இருமுகிறது.
முதல் கேள்வி எப்போதும் இதுதான்:
இன்றைக்கு யாராகப் பிறக்கிறாய்?

எல்ஃப் வேண்டாம் என்கிறாள் மார்லிஸ்.
எழுநூறு வருஷம் வாழ்ந்தும்
வில்லைத் தவிர ஒன்றும் கற்காத கூட்டம்.
குள்ளர்களுக்கோ தாடியும் பழைய பகையும் போதும்;
அவர்கள் பெண்களுக்கும் தாடி உண்டா என்பதில்
போன வருஷம் ஒரு நட்பே முறிந்தது.

தபால் பிரிக்கும் ஆர்விட் ஆறரை அடி.
அவன் எப்போதும் நோம்.
அங்கேயாவது நிலைப்படி நெற்றியில் இடிக்காது.

நான் ஓர்க்.
கையேட்டின் பதினெட்டாம் பக்கம் சொல்கிறது:
பலம் இரண்டு கூடுதல், அறிவு இரண்டு குறைவு.
அளந்தது யார்?
எந்தப் பள்ளிக்கூடத்தில், எந்த மொழியில் கேள்வி கேட்டு?

"ஆட்டத்துக்கு அது வேணும்டா" என்கிறான் ஆர்விட்,
சிப்ஸ் எண்ணெய் விரலோடு.
இருக்கலாம். குறையில்லாத பாத்திரம்
உப்பில்லாத கஞ்சி.
ஆனாலும் என் ஓர்க்கின் குறையை
நானே பொறுக்கிக்கொள்கிறேன்:
இருட்டென்றால் பயம். வாங்கிய கடனை மறப்பான்.

பென்சிலால் அந்த இரண்டை அடித்தேன்.
மார்லிஸ் பார்த்தாள்; ஒன்றும் சொல்லவில்லை.
பகடை உருண்டு கொதிகலனுக்கு அடியில் போயிற்று.
ஆறரை அடி நோம்
தரையில் படுத்துத் துழாவுகிறது.