நிலாக்கால நாட்கூலி

மூன்றாம் மாதம் முடிய
ஐஸ் கொம்பனியிலிருந்து ஜவாத் மெனேஜர் எடுத்தார்.
பிள்ளை சுகமா, பெயர் வச்சாச்சா,
அதன்பிறகு ஒரு இருமல்.
எனக்குத் தெரியும் அந்த இருமல்.
பழைய கடன் தீராத படகுக்கு
மறுபடி ஐஸ் ஏற்றிவிட்டு
என்னிடம் சொல்ல வரும்போது வருவது.

"லீவு லீவாக் கிடக்கட்டும் கோமளா.
நிலவுக்கு ரெண்டு நாள், மூணு நாள் வந்து
கணக்க மட்டும் நேராக்கிட்டுப் போங்க."

நிலவு பெருத்தால் வலையில் மீன் குறைவு.
படகுகள் சீனக்குடாவில் முதுகு காயும்.
கடன் தீர்க்க ஆட்கள் வருவது அப்போதுதான்.
சுகந்தனும் அப்போது வீட்டில்தான்,
பிள்ளையை மடியில் போட்டபடி
வலையில் கிழிசல் தேடிக்கொண்டு.
ஆகவே சரி என்றேன்.

ஆகவே மட்டும் இல்லை.
நூறு நாளாய் ஒரே வாயைப் பார்த்திருந்தவளுக்கு
ஒரு கூட்டல் குறியைப் பார்க்க ஆசையாய் இருந்தது.

திருக்கடலூரிலிருந்து நடந்தேன்.
பையில் பால் எடுக்கும் பம்ப், போத்தல் இரண்டு, பழந்துவாய்.
பஸ் நிலையத்தில் ஒரு பெண்மான்
யாரோ எறிந்த பாண் பையை மென்றுகொண்டு நின்றது.
குட்டி எங்கே என்று தேடினேன்.
எத்தனை வருடம் இதே இடத்தில் பஸ் ஏறியவள்,
ஒருநாளும் தேடியதில்லை.
பஸ்ஸுக்குள் நின்றபோது
ஆட்ட ஆளில்லாமல் என் இடுப்பு
தானாக ஆடிக்கொண்டிருந்தது.

என் கதிரையை யாரோ உயர்த்தி வைத்திருந்தார்கள்.
புதுப் பெடியன் பர்ஹான்.
நல்ல பெடியன், ஏழு அவனுக்கு ஒன்றுபோல வரும்.
ஐம்பத்துநான்கு கட்டி ஐஸ்
புத்தகத்தில் இருக்கிறது, உலகத்தில் இல்லை.
பத்தரைக்குப் பிடித்துவிட்டேன்.
பதினேழை எழுபத்தொன்றாய்த் திருப்பி எழுதியிருக்கிறான்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
என்னை நானே கண்டுபிடித்தது மாதிரி.

அந்த நேரம் பார்த்து
ஐஸ் அரைக்கும் மெஷின் கிறீச்சிட்டது.
தலைக்குத் தெரியும் அது மெஷின் என்று.
மார்பு அதைப் பிள்ளை என்று நம்பியது.
பேரேட்டின் மேல் ஒரு சொட்டு,
"வரவு" என்ற சொல் கரைந்து நீலமாய்ப் பரவியது.

உப்பு அறைக்குத் தாழ்ப்பாள் இல்லை.
நிஹால் வெளியே முதுகு காட்டி நின்று
சிங்களப் பாட்டொன்றைச் சீட்டியடித்தான்,
யாரும் வந்தால் பாட்டு நிற்கும் என்ற ஒப்பந்தம்.
உப்பு மூட்டையில் இருந்து
சுவரைப் பார்த்துப் பால் எடுத்தேன்.
பிறகு அவன் கட்டியின் மூலையில் குழி வெட்டி
போத்தலைக் கழுத்தளவு இறக்கினான்.
பக்கத்தில் இரண்டு அறக்குளா
வாய் திறந்து பார்த்துக்கொண்டு கிடந்தன.

பின்னேரம் ஒரு கடித உறை.
"கையெழுத்து வேணாம்.
லீவுல இருக்கிற ஆள் வேல செஞ்சதாக் காட்டினா
கொழும்பில கேள்வி வரும்."

நான் புத்தகத்தைத் திறந்தேன்.
ஐஸ் உருகினால்கூட
"உருகியது" என்று அதற்கொரு நிரல் இருக்கிறது சேர்.
என் ஏழு மணித்தியாலம் எந்த நிரல்?

இருமினார்.
நான் திகதி எழுதினேன், நேரம் எழுதினேன்,
கோமளேஸ்வரி என்று முழுதாக எழுதினேன்.
அவர் பக்கத்தில் கையெழுத்துப் போடவில்லை.
கிழிக்கவும் இல்லை.
"மை காயட்டும்" என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் பிள்ளை என்னை மணந்துவிட்டு
முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
அமோனியா.
நெஞ்சு ஒருகணம் நின்றுதான் ஓடியது.
"கரண்டியால குடிச்சவள், பாதி எனக்குத்தான் அபிஷேகம்"
என்று சுகந்தன் நனைந்த சேட்டைக் காட்டினான்.
இரண்டு வாளி கிணற்றுத் தண்ணீர், லைஃப்போய்,
பிறகு வந்தாள்,
மன்னிப்பு ஒன்றும் கேட்காமல்,
கடித்துக் குடித்தாள்.

கடலுக்கு மேல் நிலவு, ஒரு பக்கம் கொஞ்சம் குறைந்து.
"நாலு நாளில இருட்டு விழும், நான் போகலாம்"
என்று அவன் வாசலில் நின்று கணக்குப் பார்த்தான்.
நானும் பார்த்தேன். எனக்கு இன்னும் ஒரு நாள்.

ஐஸில் இருந்து வந்த போத்தல் இன்னும் குளிர்.
நாளைக்கென்று பிரிட்ஜில் வைத்து,
பழக்கதோஷம்,
மூடியில் திகதியும் அளவும் எழுதி
கீழே கோடு கீறினேன்.