எஃப் என்கிற கொம்பனி

பதினேழு கொம்பனிகளை ஒரே திரையில் நிறுத்தியிருக்கிறார்கள்.
பெயர் இல்லை. ஏ முதல் க்யூ வரை எழுத்து மட்டும்.
நாங்கள் கே.
வின்ரத்தூரில் பம்பு செய்கிறவர்கள் என்று
அந்த எழுத்தை வைத்து ஒருவராலும் சொல்ல முடியாதாம்.
லூத்தி அதை இரண்டு முறை சொன்னார்,
சீட்டுக்கட்டைக் கலைத்துக் காட்டுகிறவர் மாதிரி.

ஓர் ஓடர் போட எங்களுக்கு எண்பத்து நான்கு பிராங்,
நடுவில் நிற்கிறவர்களுக்கு அறுபத்தொன்று.
கொள்வனவுக்கு எத்தனை ஆள்,
விற்கிறவர்கள் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் வால்
(வால் என்றுதான் போட்டிருந்தது. சின்னச் சின்னதாய் விற்கிறவர்கள்.)
ஒவ்வொன்றிலும் கே எங்கே என்று ஒரு சிவப்புப் புள்ளி.
பரீட்சை முடிவு ஒட்டிய பலகைக்கு முன்னால் போல
மூச்சைப் பிடித்துக்கொண்டு பதினொரு பேர்,
கோப்பி ஆறிப்போக.

பிறகு இருபத்து மூன்றாம் பக்கம்.
பில் வந்து காசு போக எத்தனை நாள்?
நாங்கள் முப்பது. நடு அறுபத்திரண்டு.
எஃப் எழுபத்தெட்டு.
எஃப்பைச் சுற்றிப் பச்சை வட்டம்,
பக்கத்தில் குட்டியாய் ஒரு வெற்றிக்கோப்பை.
இவர்களிடம் கற்றுக்கொள்ளலாம் என்றார் லூத்தி.
எஷ்பாஹர் அம்மையார் குறித்துக்கொண்டார்.

கீழே பொடி எழுத்தில் எஃப்பைப் பற்றி இரண்டு வரி:
பொதியிடல் துறை, மூன்று ஆலை.
துப்புரவு வேலை முழுவதும் வெளியாருக்குக் கொடுத்தாயிற்று.

எழுத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தவனை
அப்போதுதான் கண்டேன்.
எங்கள் குளிர்பெட்டிக் கதவில், காந்தத்தின் கீழ்
எழுபத்தொரு நாளாகத் தொங்குகிறது
அவன் கட்டாத பில்லின் பிரதி.
அனுப்பியது குகதாசன் துப்புரவுச் சேவை:
இரண்டு வான், நாலு பேர்,
தரை கழுவும் மெஷின் ஒன்று, அதற்கும் தவணை.
பதினோராயிரத்து நானூற்று ஐம்பது பிராங்.
இன்னும் ஏழு நாள்தான் என்று
என் மனுசனுக்கு இனிச் சொல்லலாம்.
போன் எடுக்கிறார்கள் இல்லை என்று பாவம் அவர் நினைத்திருந்தார்.
அது போன் எடுக்காமை இல்லை.
சிறந்த நடைமுறை.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளப்பதில் எனக்குக் கோபமில்லை, அதுதான் என் பிழைப்பு.
பதினாலு வருசமாய் வால்வுக்கும் நட்டுக்கும் அளக்கிறேன்.
ஆனால் அந்த எழுபத்தெட்டு நாளையும்
யாருடைய நாட்காட்டியிலிருந்து கிழித்தார்கள் என்று
பச்சை வட்டத்துக்குள் எழுதவில்லை.
இருபத்தைந்தாம் திகதி சம்பளம். எர்மியாஸ் பொறுத்தாலும்
அவனுடைய வீட்டுக்காரன் பொறுக்கமாட்டான்.
போன மாதம் என் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தோம்.
அதாவது கே தந்த சம்பளம்
எஃப்பின் தரையைக் கழுவியவனுக்குப் போனது.
ஓர் அம்புக்குறியால் காட்டிவிடலாம்.
லூத்தியின் படத்தில் அதற்கு இடமில்லை.

மூன்று மணிக்கு எஷ்பாஹர் அம்மையார் மேசைக்கு வந்தார்.
"தர்மினி, அறுபதுக்கு மாற்றினால் கையில் எவ்வளவு நிற்கும்?"
நாலு மில்லியன். கொஞ்சம் கூட.
சொன்னேன். பொய் சொல்லத் தெரியாத எண் அது.
நாலு மில்லியன் என்றால் எத்தனை குளிர்பெட்டிக் கதவு
என்றும் கேட்பார் என ஒரு நொடி பார்த்திருந்தேன்.
நன்றி சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிசி.

படிவத்தின் கடைசியில் ஒரு பெட்டி உண்டு:
நடுவிலிருந்து விலகக் காரணம், இருநூறு எழுத்துக்குள்.
எல்லோரும் வெறுமையாய் விடுகிற பெட்டி.
போன வருசம் நானும் விட்டேன்.
இந்த முறை ஜெர்மனில், எழுத்துப்பிழை பார்த்து:
சரக்குத் தந்தவருக்கும் மாதம் முப்பது நாள்தான்.

இரவு பத்தரைக்கு அவர் எடுத்தார்,
எஃப்பின் கூட்ட அறையிலிருந்து.
பலகையை அழிக்கவேண்டாம் என்று துண்டு ஒட்டியிருக்காம்.
"ஏதோ கப் ஒண்டு கீறி வச்சிருக்கினம்" என்றார்,
"வட்டமும் போட்டு."
அதைச் சுற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.