எண் போட்ட சாக்குகள்

விடியலின் முதல் ஓசை
காப்பிக் கெண்டியின் மூடி.
இரண்டாவது, துப்பாக்கி.

இரவில் பிறந்த கன்று நடக்காது.
மந்தை நிற்காது.
நாளுக்குப் பன்னிரண்டு மைல், அபிலீன் ரயிலடி வரை.
அது ராட்ஃபர்டின் கணக்கு.
சுடும் வேலை பிராஸ்பர் ஹாட்லிக்கு.
ஏன் அவனுக்கு என்று எவரும் கேட்கவில்லை.
நானும்தான்.
நான் வண்டிக்காரன், கால்வெஸ்டனில் கப்பலிறங்கிய ஜெர்மன்காரன்,
மாவும் பன்றிக்கொழுப்பும் என் பொறுப்பு.

சுட்டதோடு முடியாது.
தாய்ப்பசு பகல் முழுக்க மந்தையோடு வரும்,
மறந்துவிட்டது போலப் புல் கடிக்கும்.
இருட்டியதும் மடி கனத்து
நேற்றுப் படுத்த இடம் நோக்கித்
தெற்கே இறங்கிவிடும்.
ஒன்றுமில்லாத புல்லை முகர்ந்துகொண்டு நிற்பதை
விடிவதற்குள் மறித்து ஓட்டிவர வேண்டும்.
அதற்கும் பிராஸ்பர்தான் போவான்.

வாஷிட்டா ஆற்றைக் கடந்த மறுநாள்
ஐந்து கன்றுகள்.
அவன் துப்பாக்கியை எடுக்கவில்லை.
என் வண்டிச் சக்கரத்தருகே வந்து நின்றான்.
"காலிச் சாக்கு எத்தனை இருக்கு?"

ஒரு கன்றுக்கு ஒரு சாக்கு.
கழுத்து மட்டும் வெளியே.
அடுப்புக்கரியால் ஒன்றில் ஒரு கோடு,
அடுத்ததில் இரண்டு, ஐந்து வரை.
நாளைக்கும் அதே கன்று அதே சாக்கில்.
இரண்டை ஒன்றில் போட்டால் இடம் மிச்சமாகுமே என்றேன்.
"ஒண்ணோட வாசம் இன்னொண்ணுல ஏறிடும்.
அப்புறம் பெத்தவளே உதைச்சுத் தள்ளுவா."

ராட்ஃபர்ட் குதிரையிலிருந்து இறங்காமலே பார்த்தான்.
திரும்பி ஓடாத மாடு எடை இழக்காது,
எடைக்குத்தான் சிக்காகோவில் காசு.
தலையசைத்தான்.
கருணையென்று யாரும் எழுதிவிட வேண்டாம்.

அந்தியில் சாக்கை அவிழ்ப்போம்.
ஐந்து கனைப்பு, ஐந்து மறுமொழி.
ஒரு தாயும் தவறவில்லை.

கான்சாஸ் எல்லைக்கு முன் ஒரு மழை இரவு,
இருவரும் வண்டிக்கடியில்.
கேட்காமலே சொன்னான்.
வர்ஜீனியா. அவனுக்கு எட்டு வயது.
நாட்சஸ் சந்தைக்கு நடத்திப்போன சங்கிலி வரிசையில்
ஏழாவதோ எட்டாவதோ அவன் அம்மா.
ஆலைப் பாலம் வரை பின்னாலேயே ஓடினானாம்.
அவள் திரும்பிப் பார்த்த போதெல்லாம்
சங்கிலி முழுதும் நின்றதாம்.
அடி விழுந்தது அவளுக்கல்ல, முன்னால் நின்றவனுக்கு.
அதன்பின் அவள் திரும்பவில்லை.

"தலைத்துணி ஒண்ணு விட்டுட்டுப் போனா.
பன்னெண்டு வருஷம் துவைக்காம வெச்சிருந்தேன்.
சண்டைக்காலத்துல கால்ல ஈட்டிமுனை.
வேற துணி இல்ல."
கொஞ்ச நேரம் மழையைக் கேட்டோம்.
"இப்ப முகர்ந்தா
நான்தான் இருக்கேன் அதுல."

அபிலீனில் பசுக்கள் சரிவுப்பலகை ஏறின.
கன்றுகளை விலைக்குக் கேட்க ஆளில்லை.
மண்கட்டி வீட்டில் குடியேறிய ஒரு ஸ்வீடன்காரி
நாற்பது முட்டை கொடுத்து ஓட்டிக்கொண்டு போனாள்.
முட்டை தின்று எத்தனை நாளாயிற்று!
வெட்கமில்லாமல் தின்றோம்.
ரயில் பெட்டிக்குள் ஐந்து குரல்கள்
நின்றபாடில்லை.

கூலி வாங்கிய கையோடு
பிராஸ்பர் என்னைத் தபாலகத்துக்குக் கூட்டிப்போனான்.
நியூ ஆர்லியன்ஸில் ஒரு பத்திரிகையாம்,
தேடுகிறவர்களின் விளம்பரம் போடுமாம்,
ஞாயிறுதோறும் தேவாலயங்களில்
உரக்க வாசிப்பார்களாம்.
ஒரு விளம்பரம் அரை டாலர்.

நான் பேனாவை நனைத்தேன்.
"அம்மா பேர்?"
சொன்னான்.
அதை எப்படி எழுதுவது என்று
அவனுக்குத் தெரியாது. எழுத்தே தெரியாது.
பாதி ஆங்கிலக்காரன் எனக்கும் தெரியாது.
மறுபடி சொல்லச் சொன்னேன்.
மூன்றாம் முறை சொன்னபோது
குரல் எட்டு வயதுக்குப் போய்விட்டது.

கெஸையா என்று ஒரு தாள்.
கிஸாயா என்று ஒரு தாள்.
கெஸியா என்று ஒரு தாள்.
ஒன்றன்மேல் ஒன்று படாமல்
மூன்றையும் தனித்தனி உறையிலிட்டு
ஒன்றரை டாலர் எண்ணி வைத்தான்.