கையசைத்த பிறகு

சாங்கியில் கயிறவிழ்த்தபோது மணி ஐந்து நாற்பது.
கடல் இன்னும் தார் நிறம்.
எங்கள் படகுக்கு இருபத்துமூன்று அடி,
மூன்று பங்காளிகள், ஒரு கடன்.
பெயர் கெடிடி. மலாயில் உள்ளான் குருவி.
வைத்தது யாரென்று விற்றவருக்கும் தெரியாது.

ஸ்வீ லியான் சுக்கானில்.
வாரம் முழுக்கப் பிறர் வாய்க்குள் குனிந்த முதுகை
நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிறாள்.
ஹபீஸி ஆஞ்சானை இழுக்கிறான்;
பாய் பாதியில் சிக்கி
ஒரு கெட்ட வார்த்தைக்குப் பின் ஏறுகிறது.
கோப்பிப் பைகள் மூன்றும் என் பொறுப்பு.
கைப்பிடிக் கம்பியில் தொங்கி
படகின் சாய்வை அளந்துகொண்டிருக்கின்றன.

மெல்லிய கொண்டல். நீரோட்டமும் மேற்கே.
இரண்டும் ஒத்துப்போன காலையில்
ஆட்களுக்கு வேலை குறைவு.
பிடோக் படகுத்துறைத் தூண்டில்காரர்கள்
எங்களால் ஓடிப்போன மீன்களுக்காக
முறைக்கிறார்கள்.

பிறகு கப்பல்கள்.
நங்கூரமிட்டு நிற்கும் ஓர் ஊர்;
தெருக்கள் உண்டு, பெயர்ப்பலகை இல்லை.
துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுவது என் வேலை.
கண்ணாடித் தரைமேல் உட்கார்ந்து
இவற்றை உச்சந்தலையாகவே அறிவேன்:
அடுக்கு, எண், பூட்டு, அடுத்தது.
இன்றுதான் அடிவயிறு பார்க்கிறேன்.
சிவப்புச் சாயம். பாசி.
நங்கூரத் துளையிலிருந்து
மூக்கொழுகிய துரு.

பதினொன்றரைக்குக் காற்று
சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனது.
மோட்டார் மூன்று முறை இருமியது,
பிறகு அதுவுமில்லை.

எதிரே ஓர் எண்ணெய்க் கப்பலின் பின்புறம்.
அதன் ஊர் மன்ரோவியா என்று எட்டு எழுத்தில் இருந்தது.
பலகையில் தொங்கியபடி ஒருவன்
மூன்றாம் எழுத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தான்.
தூரிகையை உயர்த்தினான். நாங்கள் கைகளை.
நல்ல வழியனுப்பு, அளவான புன்னகை.
ஆனால் நாங்கள் போகவில்லை.

வாசலில் வரேன் சொல்லிவிட்டு
செருப்பைத் தேடும் விருந்தாளிகளாய் நின்றோம்.
எவ்வளவு நேரம் கையை உயர்த்தியிருப்பது?
அவனே தீர்த்துவைத்தான், எழுத்துக்குத் திரும்பி.
நீரோட்டம் சிறுகச்சிறுக இழுத்துப் போக
ஆரஞ்சு அங்கி ஒரு புள்ளியானது.

ஒரு மணிக்கு நீர் திரும்பியது.
கைபேசியைப் பார்த்த ஹபீஸி
"முன்னேறுகிறோம், பின்னோக்கி" என்றான்.
கப்பலும் தன் சங்கிலியில் அரைவட்டம் சுற்றியிருந்தது.
அதன் நீளம் முழுவதையும் வெட்கத்தோடு கடந்தோம்.
மறுபடி பின்புறம். மறுபடி அவன்.
ஆறாம் எழுத்து.

இம்முறை கையசைக்கவில்லை,
பலகை ஆடும் அளவுக்குச் சிரித்தான்.
சிரித்து முடித்து
தூரிகையால் பாத்தாம் பக்கம் காட்டினான்.
எங்களுக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை.
உயரத்தில் இருப்பவன் முதலில் பார்ப்பான்,
எனக்குத் தெரியும்.
பாயைச் சுருக்கச் சொன்னேன்.

மழைக்கு முன்னால் காற்று வந்தது.
ஸ்வீ லியான் எந்த மொழியில் கத்தினாளோ, புரிந்தது.
ஹபீஸி காற்றின் போக்கறிந்து வாந்தியெடுத்தான்.
சுக்கான் என் கையில்.
நாற்பது டன் பெட்டியை இரு விரலால் இறக்குகிறேன்,
இந்தக் கட்டை
இரண்டு கைக்கும் அடங்கவில்லை.
ஓரடி முன்னே வாங்க
ஈரடி குறுக்கே போக வேண்டியிருந்தது.

மழைவிட்ட வெளிச்சத்தில் எங்கள் துறைமுகம்.
ஒரு பாரந்தூக்கியின் கண்ணாடி அறை
வெளியே வந்தது, நின்றது, உள்ளே போனது.
என் நாற்காலியில் யாரோ.
அங்கிருந்து எத்தனை பாய்களைப் பார்த்திருப்பேன்?
ஒன்றும் நினைவில்லை.

லாசரஸ் தீவின் உள்வளைவில்
ஆறு ஐம்பதுக்கு நங்கூரம்.
நாசி லெமாக் ஆறிப்போய்க் காகிதத்தோடு ஒட்டியிருந்தது.
அப்படியே தின்றோம்.

ஸ்வீ லியான் பதிவேட்டில் எழுதினாள்:
காற்று, கிழக்கு. இல்லை. தென்மேற்கு.
குறிப்பு என்ற கட்டத்தைக் காலியாக விட்டு
பேனாவை என்னிடம் நீட்டினாள்.

எட்டும் முடித்திருப்பானா,
ஈரச் சாயத்தில் மழை
எத்தனை எழுத்தைக் கொண்டுபோனதோ.
கட்டம் சிறியது.
பேனாவை மூடி வைத்தேன்.