நான்காவது மேசைக்கு அருகே

முதல்முறை அது கேட்டபோது
எல்லோரும் நாற்காலியைப் பார்த்தார்கள்.
நானும் பார்த்தேன்,
பழி போட எனக்கும் ஓர் இடம் வேண்டியிருந்தது.

தார்த்துவில் பிப்ரவரி. பள்ளியின் உடற்பயிற்சிக் கூடம்.
நாற்பது பலகைகள், எண்பது குனிந்த தலைகள்.
நான்காவது மேசையில் தைமோ என்கிற பையன்
குதிரையைத் தொட்டுவிட்டு விழித்துக்கொண்டிருந்தான்.
தொட்டதை நகர்த்த வேண்டும், அது விதி.
நான் ஓர் அடி வைத்தேன்.
கிரீச்.

அறுவை முடிந்து பதினான்கு மாதம்.
வலி காலிசெய்துவிட்டுப் போன இடுப்பில்
ஒரு கதவு முளைத்திருக்கிறது.
யாரோ உள்ளேயிருந்து திறந்து திறந்து மூடுகிறார்கள்.

டாக்டர் வைக்லா என்னை நடக்கச் சொன்னார்.
நடந்தேன். ஒன்றுமில்லை.
குனியச் சொன்னார், படியேறச் சொன்னார்,
சாதுவாக இருந்தது அது.
ஆஸ்பத்திரி வாசலில் பேருந்துக்கு ஓடியபோதுதான்
இருப்பதைச் சொன்னது.
அடுத்த முறை கைப்பேசியில் பதிவுசெய்து கொண்டுபோனேன்.
கண்ணை மூடி இரண்டு தடவை கேட்டார்.
எக்ஸ்ரேயில் கிண்ணத்தின் சாய்வை அளந்தார்.
"பாரம் விளிம்பில் விழுகிறது.
நடுவில் இருக்க வேண்டிய ஈரம் ஒரு கணம் விலகுகிறது.
பீங்கான் பீங்கானோடு பேசுகிறது."
பேசவில்லை டாக்டர், கத்துகிறது.
"வலி?"
இல்லை.
"மறுபடி திறந்து மாற்றலாம். முதல் தடவையை விடக் கடினம்."
சத்தத்துக்காக ஒரு தொடையைத் திறப்பதா?
இருவரும் ஜன்னலைப் பார்த்தோம்.
வெளியே ஒருவர் பனியை வாரிக்கொண்டிருந்தார்.
அவருடைய மண்வாரியும் கிரீச்சிட்டது.

இருபத்தாறு வருடம் கம்பளி அடிவைத்த செருப்பில் நடந்தவள் நான்.
முதுகுக்குப் பின்னால் நான் நிற்பது தெரியாமல்
கழிப்பறைக் கதவுக்குள் கைப்பேசி பார்த்த இருவரைப் பிடித்திருக்கிறேன்.
பூனை என்றுதான் பெயர் எனக்கு.
பூனைக்கு யார் மணி கட்டுவது என்று
எலிகள் இனி கூடிப் பேச வேண்டாம்,
டாக்டர் கட்டிவிட்டார்.

வீட்டில் ஹெல்துருக்கும் லாபம்.
நான் பின்வாசலை அடைவதற்குள்
சிகரெட் பனிக்குள் புதைந்துவிடுகிறது.
வானத்தைப் பார்த்து நிற்கிறார், மேகமே இல்லாத வானத்தை.

ஐந்தாம் சுற்றில் புகார் வந்தது, எழுத்தில், தேதியிட்டு.
'தொடர்ச்சியான ஒலியால் கவனம் சிதறுகிறது.'
புகாரைப் பெற்று விசாரிக்க வேண்டியவர்: தலைமை நடுவர்.
ஒலி எழுப்பியவர்: தலைமை நடுவர்.
விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினேன்.
இருமலுக்கு இருக்கிறது, ஆப்பிள் கடிப்பதற்கு இருக்கிறது,
இடுப்புக்கு இல்லை.
நியாயமான புகார் என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
பிறகு ஒரு நாற்காலியைக் கூடத்தின் நடுவில் போட்டு
இரண்டு நாள் அசையாமல் உட்கார்ந்தேன்,
நான்கு பக்கமும் அடைபட்ட ராஜா போல.

கடைசிச் சுற்று. தூரத்து மூலையில் ஒரு கை உயர்ந்தது.
தைமோ.
எழுந்தேன். இருபத்திரண்டு அடி.
எண்ணினேன், பதினேழில் கத்தியது.
யாரோ பெருமூச்சு விட்டார்கள், யாரோ சிரித்தார்கள்.
"அதே நிலை, மூன்றாம் முறை" என்றான் மெல்ல.
கடிகாரத்தை நிறுத்தி, தாளைப் பார்த்து,
காய்களைப் பின்னுக்கு நகர்த்தி மறுபடி முன்னுக்கு நகர்த்தினேன்.
குனிந்தபோது ஒன்று.
யானையை எட்டி எடுத்தபோது இன்னொன்று.
நிமிர்ந்தபோது அவன் என்னைப் பார்க்கவில்லை,
என் இடுப்பைப் பார்த்தான்,
அடுத்த நகர்த்தல் அங்கிருந்து வரப்போவதுபோல.

"சமன்" என்றேன்.
அதற்கும் ஒரு கிரீச்.