பெப்டோன் நீர்

மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறும்
இறைச்சிச் சாறும் புளித்த பாலும் கலந்த நெடி.
வெளிர்மஞ்சள் தூள்.
திறந்து வைத்தால் ஈரம் குடித்துக் கட்டியாகிவிடும்;
ஜூரோங்கில் எதுதான் ஈரம் குடிக்காமல் இருக்கிறது?

பெப்டோன்.
கிரேக்கத்தில் 'சமைத்தது' என்று பொருளாம்.
'செரித்தது' என்றும். 'பழுத்தது' என்றும்.
அடுப்புக்கும் வயிற்றுக்கும் மரக்கிளைக்கும்
அவர்களிடம் ஒரே வினைச்சொல்.

இரவு வேலையில் படித்தேன் இதை,
ஆட்டோகிளேவ் ஆறக் காத்திருந்த நாற்பது நிமிடத்தில்.
யாரோ ஒரு ஜெர்மானியர்
இரைப்பை நீரில் கரைந்துபோன இறைச்சிக்குப்
பெயர் தேடி அங்கே போய் எடுத்தாராம்.
நமக்கும் சொந்தம்தான்:
வடமொழி வழியே வந்து
நம் சமையலறையில் தங்கிவிட்ட 'பக்குவம்'
அதே வேரில் முளைத்த ஒன்றுவிட்ட தங்கை.
பாகு பக்குவம், பழம் பக்குவம்,
'உனக்கு இன்னும் பக்குவம் வரலடி.'
கிரேக்கத்திலும் இப்படித் திட்டுவார்களா, தெரியாது.

"யாரோ மென்று கொடுத்த சோறு" என்பாள் ரோஸ்னானி,
குடுவையில் இருநூற்று இருபத்தைந்து மில்லி ஊற்றியபடி.

மாதிரி 4471.
எண்தான் வரும். கடைப்பெயர் வராது, அது விதி.
இருபத்தைந்து கிராம் நிறுத்தேன்:
சிவப்புக் குழம்பு, வெள்ளரித் துண்டு,
இறால் வடையின் மொறுமொறுத்த ஓரம்.
ரொஜாக்.
அந்தச் சிவப்பை எனக்குத் தெரியும்.
போன செவ்வாய்
முஸ்தகீம் அண்ணன் ஓர் உருளைக்கிழங்கு கூட வைத்துவிட்டு
காசு வேண்டாம் என்று கையசைத்த சிவப்பு.

சூட்டில் பாதி வெந்து, குளிரில் பாதி விறைத்து,
காயத்தோடு கிடக்கும் கிருமியை
முதலில் தேற்ற வேண்டும்.
முப்பத்தேழு டிகிரி. பதினெட்டு மணி நேரம்.
பிடிக்கப் போகிறவனுக்கு
பல்கூடப் படாமல் விருந்து.

காலையில் குடுவை கலங்கியிருந்தது.
கலங்கல் எதற்கும் சாட்சியில்லை;
இந்த நீரில் எதுவும் வளரும்.
கறுப்புப் புள்ளி வருமா என்பதை
நாளை மறுநாள் தட்டு சொல்லும்.
அதுவரை நான் எதுவும் சொல்லக் கூடாது.
பிறகும்கூட.

வேலை முடிந்து பேருந்து நிற்கும் இடத்தில் அவர் கடை.
போகாமல் இருந்திருக்கலாம்.
"வழக்கம்போலத்தானே?"
கத்தி ஏற்கெனவே பலகையில் தட்டத் தொடங்கியிருந்தது.
"இன்னிக்கு வயிறு சரியில்லண்ணே."
முழுப்பொய் இல்லை.

அவர் சிரித்தார். அதே பலகையில்
ஒரு துண்டு இஞ்சி சீவி,
சீனியில் தோய்த்து நீட்டினார்.
"மென்னு முழுங்கு. எல்லாம் செரிச்சுடும்."

வாங்கிக்கொண்டேன்.
பேருந்தில் பூன் லே வரை
மூடிய கைக்குள்
சீனி கரைந்துகொண்டிருந்தது.