பதினேழு

பதினேழு வரை எடுத்துக்கொள்வேன்.
பதினேழு புள்ளி ஒன்று என்றால்
அவிழ்த்துக் கொட்டு, காயவை, நாளைக்கு வா.
சாலியமங்கலத்துக்குக் கிழக்கே
கொள்முதல் நிலையத்தில் பதினோரு வருஷமாக
இதைத்தான் சொல்லிவருகிறேன்,
ஈரப்பதமானியின் சின்னத் திரையைப் பார்த்தபடி,
ஆளின் முகத்தைப் பார்க்காமல்.

இப்போது என்னையும் ஒரு பதினேழு பார்க்கிறது.
நீந்த மூன்று புள்ளி எட்டு,
மிதிக்க நூற்றெண்பது,
ஓட நாற்பத்திரண்டு சொச்சம்.
எல்லாம் கிலோமீட்டர், எல்லாம் ஒரே நாள்,
பதினேழு மணிநேரம்.
ஒரு நிமிஷம் தாண்டினாலும்
வந்தவள் வராதவள்.

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் நாற்பது.
பஸ்ஸில் போனாலே இடுப்பு பிடித்துக்கொள்ளும்.
நாகப்பட்டினம் போய்க் கடலைப் பார்த்துவிட்டுத்
திரும்பி வந்தாலும் நூற்றெண்பது நிறையாது,
மீதிக்கு மெடிக்கல் காலேஜ் வரை மிதிக்கவேண்டும்.
நீச்சலை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.
மே மாதம். வெட்டாற்றில் மணல்.

"என்ன தருவாங்க?" என்றார் வீட்டுக்காரர்.
மெடல்.
"பணம் அவங்க கட்டுவாங்களா, நீயா?"
நான்தான்.
மின்விசிறியை ஒரு புள்ளி கூட்டிவிட்டுத்
திரும்பிப் படுத்தார்.
சம்மதமா தூக்கமா, தெரியவில்லை.

ஏன் என்று எனக்கும் தெரியாது.
நாற்பத்திமூன்று வயது.
சர்க்கரை எல்லையில் நிற்கிறது, நடங்கள் என்றார் டாக்டர்.
நடந்தேன்.
ரயில்வே கேட் மூடும் மணி கேட்டு ஒருநாள்
நடை ஓட்டமானது.
அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தபிறகும்
நிற்கத் தோன்றவில்லை.

அதுவும் காரணமில்லை.

போன வாரம் சவரிமுத்து
எழுபது மூட்டை கோடை நெல் கொண்டுவந்தார்.
பதினேழு புள்ளி ஆறு.
சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை.
தார்ச்சாலையின் ஒரு பாதியில் கொட்டினார்,
லாரிகள் மறுபாதியில் ஒதுங்கிப் போயின.
வெறுங்காலால் கோடு கோடாகக் கிளறிக்கொண்டு
அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தார்
வெயில் இறங்கும்வரை.
பட்டியல் எழுதிக்கொண்டே எண்ணினேன்,
எப்படியும் இருபது கிலோமீட்டர் இருக்கும்.
மறுநாள் பதினாறு புள்ளி ஒன்பது.
அப்போதும் பேசவில்லை.
செருப்புக்குள் காலை நுழைக்கையில் மட்டும்
முகம் சுளித்தார்.

அன்று சாயங்காலம் ஆற்றுக்குள் இறங்கினேன்.
ரெகுலேட்டரிலிருந்து, நீந்தவேண்டிய தூரத்தை
மணலில் நடந்து அளந்தேன்.
சீமைக் கருவேலம், உடைந்த பிளாஸ்டிக் குடம்,
மணல் அள்ளிய பள்ளத்தில் காய்ந்த பாசி.
கரைச்சுவரில் என் தலைக்கு மேலே
போன வருஷத்து நீர்க்கோடு.
மூச்சை எங்கெங்கே இழுப்பது என்று
யோசித்தபடி அதற்குக் கீழே நடந்தேன்.
ஆடு மேய்த்த பையன் கேட்டான்,
"ஏதாவது தொலைச்சிட்டீங்களா?"
இல்லப்பா, நீச்சல் பழகறேன்.
அவன் ஆடுகளைச் சற்றுத் தள்ளி ஓட்டிப்போனான்.

ராத்திரி விண்ணப்பம் நிரப்பினேன்.
ஆபத்தென்றால் யாருக்குச் சொல்ல என்ற கட்டத்தில்
அவர் நம்பரை எழுதிவிட்டு எழுப்பினேன்.
போன் வந்தா எடுப்பீங்களா?
"என்னிக்கு?"
ஜனவரியில.
"ஞாயித்துக்கிழமையா?"
ஆமாம்.
"எடுக்கறேன்."

மேட்டூர் ஜூன் பன்னிரண்டு என்கிறார்கள்.
கல்லணைக்கு மூன்று நாள், இங்கே வர இன்னும் சில.
கடைமடைக்கு என்றைக்கு என்று யாரும் சொல்வதில்லை.
அதுவரை ஸ்டேடியம் குளம், இருபத்தைந்து மீட்டர்.
நூற்று ஐம்பத்திரண்டு தடவை போகவேண்டும்.
எனக்கு நாலு வருகிறது.

இன்று காலை எட்டு கிலோமீட்டர் ஓடி
அப்படியே வேலைக்கு வந்தேன்.
அடைக்கலம் மூட்டையை இறக்கிவிட்டு
என்னை ஏற இறங்கப் பார்த்தார்.
நெல் போடும் கிண்ணத்தை எடுத்து
என் தாடைக்குக் கீழே பிடித்தார்.
ஒரு சொட்டு விழுந்தது.
திரையைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு
"இன்னும் காயணும் மேடம்" என்றார்.